பக்கத்து அட்டையில் ஒரு பத்து

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவது ஒரே ஒரு வாக்கியம்தான். "உங்க புகாரைப் பதிவு பண்ணியாச்சு, சம்பந்தப்பட்டவங்க பார்ப்பாங்க." குழாயில் சாக்கடை வந்தாலும் இதுதான் பதில், வாரக்கணக்கில் வெறும் காற்று வந்தாலும் இதுதான் பதில். அந்தச் சம்பந்தப்பட்டவர் யார் என்று யாராவது திருப்பிக் கேட்டால் புன்னகைக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தையும் இந்த ஒரு புன்னகையையும் வைத்துக்கொண்டு அந்த மேசையில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டியவளை எல்லோரும் புகாரக்கா என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

புன்னகைக்கப் பிறந்தவள் அல்ல அவள். கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து சாவிக்கொத்தை அவள் மேசையில் போடும் சத்தத்தை வைத்தே தையல்காரரான அவள் கணவர் அன்றைய நிலவரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். சத்தம் பெரிதாக இருந்தால் நாலு குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, பேச முடியாதவர் போல் இருந்துவிடுவார். பாவம், அவருக்குத் தெரிந்த தற்காப்பு அது.

ஆனால் அந்த மேசையில் கோபப்பட அவளுக்கு உரிமை கிடையாது. கோபமெல்லாம் வருகிறவர்களுக்கு. ஊர்க் குழாயை அவளே நேரில் போய் மூடிவிட்டு வந்தது போல் கத்துவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கியத்தைச் சொல்வாள். ஒருமுறை, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் மட்டும் கத்தவில்லை. வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "பதிவு பண்ணுங்கம்மா. தண்ணி வந்தா வீட்டுல இருந்து போன் வரும். வந்ததும் எந்திரிச்சுப் போயிடறேன்" என்றார். அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே மாத்திரை போட்டுக்கொண்டார், யாரிடமும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அலுவலகம் மூடுவதற்குள் அவர் வீட்டுக் குழாய் சரியாகிவிட்டது. அதே நாளில் தீர்ந்த புகார் என்று அவள் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான். மறுநாள் காலை மேலதிகாரி அந்த நாற்காலியை எடுத்துவிடச் சொன்னார். பழைய மோட்டார் கிடக்கும் பின்னறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டவள் புகாரக்காதான். அதன்பிறகு வந்தவர்களெல்லாம் நின்றபடி கத்தினார்கள். நிற்கிறவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள்.

அவள் துப்பாக்கி சுடப் போன கதை வேடிக்கையானது. அலுவலக மனமகிழ் மன்றத்துக்கு ரைஃபிள் கிளப்பில் இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள், போக ஆளில்லை. ஒரு விடுமுறை நாளில் சும்மா எட்டிப் பார்க்கப் போனாள். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். தலையில் பெரிய காதுமூடி ஒன்றை மாட்டினார்கள். அவ்வளவுதான், உலகம் வாயை மூடிக்கொண்டது. அவளுக்கு முதலில் பிடித்தது துப்பாக்கி அல்ல, அந்தக் காதுமூடி. படுத்திருக்கிற ஆளிடம் யாரும் பேசக்கூடாது என்று ஒரு விதியே இருக்கிற இடம் பூமியில் உண்டு என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு காகித அட்டை. அதில் ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, பத்துப் புள்ளிக்கான இடம். படுத்தபடி அதை அடிக்க வேண்டும், அடித்ததையே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். சினிமாவில் வருவது போல் உருண்டு புரண்டு டுமீல் டுமீல் என்று சுடுகிற வேலை இல்லை இது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மட்டும் அசைக்கிற வேலை.

துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையை விட்டு வெளியே போகக்கூடாது. அதனால் வீட்டில் பயிற்சிக்கு அவள் கணவர் இஸ்திரிப் பலகை ஒன்றை அறுத்து, அதே நீளம் அதே கனத்தில் ஒரு கட்டை செய்து கொடுத்தார். நடைவழியில் பாயை விரித்து, கட்டையை வார்ப்பட்டையோடு கையில் பிணைத்துக்கொண்டு அவள் படுத்துவிடுவாள். எதிர்ச் சுவரில் ஒரு கறுப்புப் பொத்தானை ஒட்டியிருந்தார்கள். கண்ணை மூட வேண்டும், உடம்பைத் தளர்த்த வேண்டும், மூச்சை விட வேண்டும், கண்ணைத் திறக்க வேண்டும். அப்போது குறி எங்கே நிற்கிறதோ அதுதான் உடம்பு விரும்பும் திசை. பொத்தானில் நிற்கவில்லை என்றால் கட்டையைத் தள்ளிப் பொத்தானுக்குக் கொண்டுபோகக் கூடாது. இடது முழங்கையை ஊன்றியது ஊன்றியபடி வைத்து, உடம்பைத்தான் நகர்த்த வேண்டும். அந்த முழங்கை ஒரு விரற்கடை அசைந்தால் அங்கே குறி முழக்கணக்கில் ஓடிவிடும். தினமும் இதைச் செய்தாள். கணவர் அவளைத் தாண்டித் தாண்டிக் குளியலறைக்குப் போனார்.

"உன்னைத் தாண்டித் தாண்டியே என் முட்டி தேயுது" என்பார்.

"படுத்திருக்கிறவகிட்டப் பேசக்கூடாது" என்பாள்.

சாமான் வாங்குவதில்தான் இந்த விளையாட்டின் பைத்தியம் எல்லாம் இருக்கிறது. தடித்த துணியும் தோலும் சேர்த்துத் தைத்த கோட்டு ஒன்று வேண்டும், உடம்பு ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கு. அவளுக்குக் கிடைத்தது யாரோ ஓர் ஆஜானுபாகு ஆண்பிள்ளை கழித்துப் போட்டது. அவள் அளவுக்கு அதைப் பிரித்துத் தைப்பதற்குள் கணவர் மெஷினில் ஊசி ஊசியாக ஒடித்தார். "இது கோட்டா, கதவா?" என்று திட்டிக்கொண்டே தைத்தார். தோள்பட்டையில் துப்பாக்கி வழுக்காமலிருக்க ரப்பர் வைத்தார். கன்னம் வைக்கிற கட்டையை அவள் கன்னத்துக்கு ஏற்றபடி உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து இறக்கினார்கள். குழல் நுனியில் குறி பார்க்கிற முன்குறி வளையத்தில் சின்னதைப் போடு, துல்லியம் அதில்தான் என்று கிளப்பில் எல்லோரும் சொன்னார்கள். அவள் பெரியதைப் போட்டாள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிந்தால்தான் அது ஒரு பக்கம் ஒதுங்குவது கண்ணுக்குத் தெரியும். சின்ன வளையம் எல்லாவற்றையும் சரி என்று சொல்லி ஏமாற்றும். அவளுக்கு அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேரைத் தெரியும்.

படுத்தால் கண்ணாடியின் மேல்மூலை வழியாகத்தான் பார்க்க முடியும், சாதாரணக் கண்ணாடி அதற்கு உதவாது. அதற்கென்று ஒரு சட்டத்தை வளைத்து, வில்லையைத் தள்ளிப் பொருத்திக் கொடுத்தவர் கண்ணாடிக்கடைக்காரர். அவரும் கிளப் உறுப்பினர். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர், அதே சமயம் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். கிளப் செயலாளருக்குச் சகலை. அந்த உறவு ஒன்றுதான் அவரிடம் இருந்த கெடுதல்.

இனி தோட்டா விஷயம். இதைக் கேட்டால் வெளி ஆட்கள் சிரிப்பார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி. ஆனால் பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு லாட் நம்பர் இருக்கும். எந்தத் தவணையில் செய்தது என்பதற்கான அடையாளம். ஒரு லாட் ஒரு குழலில் ஒழுங்காகப் போகும், இன்னொரு லாட் அதே குழலில் தறிகெட்டுப் போகும். ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது. துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்து, ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புகாரக்கா ஒரு மழைக்காலம் முழுக்க இதைச் செய்தாள். கடைசியில் ஒரு லாட்டில் ஐந்து ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டையாகின. அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது கணவர் அதன்மேல் ஒரு சட்டைப் பொத்தானை வைத்துப் பார்த்தார். ஓட்டை பொத்தானுக்கு அடியில் மறைந்துவிட்டது.

கிளப்பில் அந்த லாட்டில் மிச்சமிருந்த டப்பாக்களை முன்கூட்டியே பணம் கட்டி ஒதுக்கி வைத்தாள். தோட்டாவும் ஆயுத அறையில்தான் இருக்க வேண்டும், சாவி செயலாளரிடம். அடையாளத்துக்கு ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். வாழ்நாளில் அவள் வாங்கிய ஒரே நகப்பூச்சு அது. பயிற்சிக்கு எடுத்தது போக, தேர்வு நாளுக்கென்று ஒரே ஒரு டப்பாவை மிச்சம் வைத்திருந்தாள்.

எல்லாம் ஒரே ஒரு நாளுக்காக. கிளப்பிலிருந்து பெரிய போட்டிக்கு ஒரே ஒருவரைத்தான் அனுப்புவார்கள், அதற்கு ஒரு தேர்வுப் போட்டி உண்டு. முந்தைய இரண்டு முறையும் நூலிழையில் தவறவிட்டிருந்தாள். இந்த முறை அந்த இடம் தனக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி அவளுக்கு வாழ்க்கையில் எதைப் பற்றியும் தோன்றியதில்லை.

தேர்வு நாள் காலையில் ஆயுத அறை வாசலில் கையை நீட்டினாள்.

"என் டப்பா குடுங்க."

"எந்த டப்பாம்மா?" என்றார் செயலாளர். அவர் பேச்சில் எப்போதும் தேன் சொட்டும்.

"சிவப்புப் பொட்டு வச்சது. நான் ஒதுக்கி வச்சது."

"ஓ, அதுவா? பயிற்சிக்கு எடுத்ததுல கலந்து போயிருக்கும்மா. இப்ப என்ன, இதுல இருந்து எடுத்துக்கோ. எல்லாம் ஒரே கம்பெனிதானே?"

"லாட் வேற சார். காசு கட்டி வச்சிருக்கேன்."

"இதையெல்லாம் போய்ப் பெருசு பண்ணலாமா? சுடறது கைதானம்மா, டப்பாவா சுடுது?"

இதைச் சொன்ன மனிதர் முந்தைய வாரம் முழுவதும் அவள் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் அந்தத் தோட்டா பண்ற வேலை" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். நன்றாக அடித்தால் டப்பா, கேள்வி கேட்டால் கை. என்ன வாய் அது! அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள், சுடுகளத்தை நடத்துகிற ரேஞ்ச் ஆபீசர் அவரவர் இடத்துக்குப் போகச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டார். கிடைத்த டப்பாவை எடுத்துக்கொண்டு பாயை விரிக்கப் போனாள்.

அந்த லாட் அவள் பயந்தபடியே இருந்தது. நாலு பத்து விழும், அடுத்தது காரணமில்லாமல் ஒரு எட்டுக்கு ஓடும். மற்றவர்களாயிருந்தால் அழுதிருப்பார்கள். அவள் அழவில்லை. தோட்டா தப்பாகப் போனால் அது தோட்டாவின் பாவம், கை தப்பாகப் போனால்தான் தன் பாவம் என்று முடிவு செய்துகொண்டாள். காதுமூடிக்குள் அவ்வளவு அமைதி. ஒவ்வொரு அட்டை முடிந்ததும் பலகையில் புள்ளி எழுதினார்கள். அவள்தான் முன்னால். அடுத்து, பக்கத்துப் பாயில் படுத்திருந்த கண்ணாடிக்கடைக்காரர். மற்றவர்கள் வெகு பின்னால்.

அவரும் அன்று தடுமாறிக்கொண்டுதான் இருந்தார். வழக்கமாக ஒன்பதும் பத்துமாக அடிக்கிறவர், அன்று நடுநடுவே ஏழும் எட்டும் இறைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு தொலைநோக்கியில் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசி அட்டையின் ஐந்தாவது குண்டையும் சுட்டு முடித்து எழுந்து உட்காரும்போது அவர் முழங்கால் பட்டு டப்பா கவிழ்ந்தது. அதன் மூடி உருண்டு வந்து புகாரக்காவின் பாயோரத்தில் விழுந்தது. அவளுக்கு இன்னும் ஒரே ஒரு குண்டு பாக்கி. ஏதோ வந்து விழுகிறதே என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

மூடியில் சிவப்புப் பொட்டு.

உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை தீப்பிடித்தது அவளுக்கு. கலந்து போகவில்லை, காணாமல் போகவில்லை. எடுத்துச் சகலைக்குக் கொடுத்திருக்கிறான்! அதுவும் என்ன அறிவு! அவள் குழலுக்குப் பிடித்த தோட்டா அவர் குழலுக்கும் பிடிக்கும் என்று யார் சொன்னார்கள்? அது அவருக்கு உதவவும் இல்லை, அவளுக்குக் கிடைக்கவும் இல்லை. அடுத்த வீட்டு மருந்தைத் திருடித் தன் வீட்டு நோயாளிக்கு ஊற்றியது போல். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுட்டுச் சுட்டுத் தேர்ந்தெடுத்தது ஏழும் எட்டுமாக எதிரே சிதறிக் கிடந்தது.

அவள் திரும்பிப் படுத்தாள். காதுமூடிக்குள் அவள் இதயம்தான் கேட்டது. பழகினதைச் செய், பழகினதைச் செய் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கண்ணை மூடினாள், உடம்பைத் தளர்த்தினாள், மூச்சை விட்டாள், கண்ணைத் திறந்தாள். வளையத்தின் நட்டநடுவில் கறுப்பு வட்டம் அசையாமல் நின்றது. அன்று முழுவதும் அவ்வளவு சுத்தமாக ஒருமுறைகூட நின்றதில்லை. விரல் அசைந்தது. சுட்ட கணமே தெரிந்தது, இது பத்து.

தொலைநோக்கியில் பார்த்தாள். அவள் அட்டையில் புது ஓட்டை இல்லை.

தலையைத் திருப்பியபோது அந்த இடது முழங்கை நகர்ந்திருந்தது. ஒரு விரற்கடைதான் இருக்கும். உடம்பு பக்கத்து அட்டையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அவள் பழகினபடியே கண்ணை மூடித் திறந்தாள். எதிரே ஒரு வட்டம் நின்றது, அதன் தலைக்கு மேலிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. வருடக்கணக்கில் சுடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். புதிதாக வந்தவர்கள் பயத்தில் எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சுடுவார்கள். அன்றைய நாளின் மிக அழகான பத்தைப் புகாரக்கா அடுத்தவர் அட்டையில் அடித்திருந்தாள்.

அட்டைகள் வந்தன. கண்ணாடிக்கடைக்காரர் அட்டையில் ஐந்துக்குப் பதில் ஆறு ஓட்டை. ரேஞ்ச் ஆபீசர் விதியைத் தவிர வேறொன்றும் அறியாதவர். அவர் விதியைச் சொன்னார். வேறொருவர் அட்டையில் சுட்டால் சுட்டவருக்குப் பூஜ்யம். அட்டைக்குச் சொந்தக்காரருக்குத் தன் ஓட்டை எது என்று தெரிந்தால் அதுதான் கணக்கு. தெரியாவிட்டால், இருப்பதில் உயர்ந்ததை அவருக்கே கொடுத்துவிட வேண்டும்.

"கடைசியா நீங்க சுட்டது எதுன்னு தெரியுமா? இடது பக்கம் இருக்கிற ஏழா, நடுவுல இருக்கிற பத்தா?" என்று கேட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் அட்டையைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். செயலாளர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"தெரியலையே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

தெரியலையாம்! ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு தொலைநோக்கியில் எட்டிப் பார்க்காத ஆள் அந்தக் களத்தில் கிடையாது. ரேஞ்ச் ஆபீசருக்கும் அது தெரியும். ஆனால் விதி வாயால் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஏழு போய்ப் பத்து வந்தது. அவள் பத்துக்குப் பூஜ்யம் வந்தது. ஒரே ஒரு புள்ளியில் கண்ணாடிக்கடைக்காரர் முந்திவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "கோபம்தாங்க கெடுத்துச்சு." "நல்லாத்தான் சுட்டுட்டு இருந்தாங்க, கடைசியில டென்ஷன் ஆயிட்டாங்க." "இந்த விளையாட்டுக்கு மனசு அமைதியா இருக்கணும்." டப்பாவைத் திருடியவன் பெயர் ஒருத்தர் வாயிலும் இல்லை. கோபப்பட்டவள் பெயர் எல்லோர் வாயிலும். அவள் நேரே செயலாளரிடம் போய் அந்த மூடியை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன?"

"கோபப்படாதம்மா."

"இது என்னன்னு கேட்டேன். கலந்து போச்சுன்னீங்க, இது எப்படி அவர் பாய்க்கு நடந்து போச்சு?"

செயலாளர் புன்னகைத்தார். "உன் புகாரைப் பதிவு பண்ணிக்கிறேன். கமிட்டி கூடும்போது சம்பந்தப்பட்டவங்க பார்ப்பாங்க."

அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். அந்தப் புன்னகையும் தெரியும். எத்தனை பேர் முகத்தில் அதை வீசியிருப்பாள்! எதிர்ப்பக்கம் நின்று கேட்டால் அது எப்படி வலிக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதோடு இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாக்கியம் யாரிடம் பலிக்காது என்பது.

வார்ப்பட்டையைக் கழற்றிக்கொண்டு, துப்பாக்கியை ரேஞ்ச் ஆபீசர் கையில் கொடுத்தாள். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் ஆயுத அறையின் வாசலில், நிலைக்கு நிலை அடைத்து விரித்தாள். கதவு போன்ற அந்தக் கோட்டோடு குப்புறப் படுத்தாள். வெறுங்கையை வார்ப்பட்டையில் மாட்டி, இடது முழங்கையை ஊன்றி, காதுமூடியை மாட்டிக்கொண்டாள்.

ஆயுத அறைக்கு ஒரே வாசல். எல்லோருடைய துப்பாக்கியும் உள்ளே போய்ப் பூட்டு விழாமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. அவளைத் தாண்டித் துப்பாக்கியோடு போக ரேஞ்ச் ஆபீசர் விடமாட்டார், படுத்திருக்கிற ஆளைத் தாண்டக் கூடாது என்பது விதி. செயலாளர் குனிந்து ஏதேதோ பேசினார். வாய் அசைவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு ஆத்திரத்திலும் அது அவளுக்கு ஓர் இன்பமாகத்தான் இருந்தது.

குளிரில், வெயிலில், நடைவழியில் என்று அசையாமல் படுத்துக் கிடக்கப் பழகியவள். தேநீர் தீர்ந்தது. பிஸ்கட்டும் தீர்ந்தது. துப்பாக்கிப் பெட்டிகளைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு எல்லோரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அவளை அழைத்துப்போக அவள் கணவர் வந்தார். விஷயத்தை விசாரித்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதுமூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

"நேரமாகுமா?"

"ஆகும்."

"இல்ல, கடையைச் சாத்திட்டு வந்துடறதான்னு கேட்டேன்."

"சாத்திட்டு வாங்க."

அவர் போய் வந்தபோது கூட்டத்தில் முணுமுணுப்பு வலுத்திருந்தது. காலையில் கோபம் கெடுத்தது என்று உபதேசம் செய்தவர்களெல்லாம் இப்போது செயலாளர் மீது எரிந்து விழுந்தார்கள். அவரவர் வீட்டுக்குப் போவது தடைபட்டால் நியாயம் எவ்வளவு சீக்கிரம் பிறந்துவிடுகிறது! "ஒண்ணு அந்தம்மாவுக்குப் பதில் சொல்லுங்க, இல்ல எங்களை விடுங்க" என்றார் ஒருவர். செயலாளர் வியர்வையைத் துடைத்தார். "சின்ன விஷயம்ங்க, சின்ன விஷயம்" என்றார்.

அப்போதுதான் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். அவ்வளவு நேரமும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். கையில் மூடியில்லாத அந்த டப்பா. புகாரக்காவின் பாய்க்கு முன்னால் வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அதை அவள் கண்ணுக்கு நேரே வைத்தார். அவள் காதுமூடியைக் கழற்றினாள்.

"காலையில அவர்தான் எடுத்துக் குடுத்தார், தங்கச்சி. நல்லா போற தோட்டான்னு சொன்னார். உன்னோடதுன்னு எனக்குத் தெரியாது. அது சத்தியம்."

"அட்டை?"

அவர் வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

"அதைச் சத்தமா சொல்லுங்க அண்ணே. எனக்கு வேண்டாம், அவருக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க" என்று ரேஞ்ச் ஆபீசரைக் காட்டினாள்.

"ஏழு என்னோடது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "தொலைநோக்கியில பார்த்தேன். பத்து என்னோடது இல்ல."

ரேஞ்ச் ஆபீசர் இன்னும் கையெழுத்துப் போடாத முடிவுத் தாளை எடுத்தார். பத்தை அடித்து ஏழு என்று எழுதினார். அவளுடைய பூஜ்யத்தைத் தொடவில்லை, விதி விதிதான். அந்தப் பூஜ்யத்தைச் சுமந்துகொண்டும் அவள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். இடம் அவளுக்கு வந்தது.

யாரோ கைதட்டினார்கள். அவள் எழுந்து நின்று முறைத்த முறைப்பில் அது நின்றுவிட்டது. எதற்குக் கைதட்டல்? டப்பாவுக்குள் பார்த்தாள். பாதிக்குமேல் காலி, பெரிய போட்டிக்கு இது எந்த மூலைக்கு? அந்த லாட் இனி எங்கும் கிடைக்காது. திரும்ப மணல் மூட்டை, திரும்ப ஐந்து ஐந்தாக, திரும்ப முதலிலிருந்து. செயலாளரோ இவ்வளவுக்கும் பிறகு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. "பார்த்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தார். நாளைக்கும் அந்தச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போகிற வழி முழுவதும் அவள் பேசவில்லை. கணவருக்கு வண்டி ஓட்டும்போது குண்டூசி கவ்வ வழியில்லை. "அதான் கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன கோபம்?" என்று கேட்டுவிட்டார்.

"என்னுதை எனக்குக் குடுக்கிறதுக்கு நான் வாசல்ல விழுந்து கிடக்கணுமா?" என்றாள்.

அடுத்த வேலை நாளில் அவள் சீக்கிரமே அலுவலகத்துக்குப் போனாள். பின்னறையைத் திறந்து, பழைய மோட்டாரை நகர்த்தி, அந்த நாற்காலியை வெளியே இழுத்தாள். தூசியைத் துடைத்து, தன் மேசைக்கு எதிரே, முன்பு இருந்த அதே இடத்தில் போட்டாள். மேலதிகாரி உள்ளே வரும்போது பார்த்தார்.

"இதை யார் இங்க கொண்டு வந்து போட்டது?"

"நான்தான் சார்."

"எடுத்துடச் சொன்னேன்ல?"

"பதிவு பண்ணிக்கிறேன் சார்" என்றாள் புகாரக்கா. "சம்பந்தப்பட்டவங்க பார்ப்பாங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் வந்தான். கையில் ஒரு பாட்டில் நிறையக் கலங்கல் தண்ணீர். அதை மேசைமேல் டொக்கென்று வைத்து, "இதைக் குடிப்பீங்களா நீங்க? உங்க பிள்ளைக்குக் குடுப்பீங்களா?" என்று அலுவலகமே அதிரும்படி கத்தினான்.

அவள் புன்னகைக்கவில்லை. நாற்காலியை அவன் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "உக்காந்து கத்துங்க."